சம்பளம் வாங்காதவர்கள் செய்த ஸ்டிரைக்!

நெய்வேலித் தொழிலாளித் தோழர்கள் நம்மைக் காணும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்டு மாறி ஷிப்டு உழைத்து, மகனையோ மகளையோ எப்பாடுபட்டாவது படிக்க வைத்துவிட்டு, “கம்ப்யூட்டர் படித்திருக்கிறான். இந்தத் தொழிலை நம்பலாமா? சந்தேகம் வந்தால் வழி சொல்ல நம் குடும்பத்தில் யாரும் இல்லையே!” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேடையில் ஏறி வானத்தை வில்லாக வளைத்து என்ன பயன்? எனவே இன்று இதையே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930களில் தெரியவந்தது. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்கத்தைத் துவக்கினார். 1961-ல் கரி கிடைத்தது. 1962-ல் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஏர் பிடித்த கைகள் அங்கே ஸ்பானர் பிடித்தன. ஒன்பது யூனிட்டுகள் சேர்ந்து 600 மெகாவாட் தந்த அந்த முதல் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக எழுந்த புதிய நிலையத்தில் இரண்டே யூனிட்டுகள். தருவதோ 1000 மெகாவாட்! மின்சாரம் கூடிவிட்டது, நல்லதுதான். ஆனால் ஒன்பது யூனிட்டுகளைச் சுற்றி நின்ற ஆட்கள் இரண்டு யூனிட்டுகளைச் சுற்றி நிற்கமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கே நிரந்தர வேலை என்பது போராட்டமாகிவிட்ட ஊரில், 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரத்தை ஏற்றிய ஊரில், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் வேலை தேடிப் புறப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அது என்ன தொழில்? இயந்திரத்துக்கு வரிவரியாக உத்தரவு எழுதுகிற தொழில். ஓரிடத்தில் ஒரு புள்ளி தவறினாலும் இயந்திரம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும்; ‘எர்ரர்’ என்று ஏதோ நான்கு வரி எழுதிக் காட்டும். அந்த நான்கு வரிக்கு அர்த்தம் தெரியாமல் இரவு முழுவதும் விழித்திருந்த பிள்ளைகள் நெய்வேலியின் எந்த வட்டத்தில் இல்லை? பெற்றவர்கள் இதைக் கண்டு, பையனுக்கு மூளை போதவில்லையோ என்று கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம். இந்தத் தொழிலில் முழுக்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவனும் தினமும் யாரையாவது கேட்டுத்தான் எழுதுகிறான். கேட்கத் தெரிந்தவன் பிழைத்தான். கேட்கக் கூச்சப்பட்டவன் பின்தங்கினான்.

நம் தோழர்களுக்கு இது புதிதா? ஹெல்பராகச் சேர்ந்தவன் ஃபிட்டர் ஆனது எப்படி? புத்தகம் படித்தா? பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளி, “தம்பி, சத்தத்தைக் கேள், பேரிங் போகப்போகிறது” என்று சொல்லிக் கொடுத்ததால் அல்லவா! கம்ப்யூட்டர் தொழிலாளிக்கு அந்த மூத்தவர் பக்கத்தில் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிறார். கேள்வியை இணையத்தில் எழுதிப் போட்டால், முகம் தெரியாத அவர் பதில் எழுதுகிறார். கூலி வாங்காமல் எழுதுகிறார்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். “பெல்ட் ஓடவில்லை, என்ன செய்ய?” என்று ஒருவன் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தால் என்ன பதில் கிடைக்கும்? வசவுதான் கிடைக்கும். எந்த பெல்ட், எப்போது நின்றது, மோட்டார் சூடாக இருந்ததா, நீ என்ன செய்து பார்த்தாய் என்று சொன்னால்தானே எதிரில் இருப்பவன் யோசிக்க முடியும்? இங்கும் அப்படியே. எர்ரர் வந்த வரிகளை எழுத்து மாறாமல் எடுத்துப் போடவேண்டும். ஆயிரம் வரிப் புரோகிராமை அப்படியே கொட்டாமல், கோளாறு எந்தப் பத்து வரியில் இருக்கிறதோ அதை மட்டும் பிரித்துக் காட்டவேண்டும். இன்னின்னது செய்து பார்த்தேன், பலிக்கவில்லை என்று சொல்லவேண்டும். அந்தப் பத்து வரியைப் பிரித்தெடுக்கும்போதே பாதிப் பேருக்குக் கோளாறு தானாகவே தெரிந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை.

ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கத்தை எந்த முதலாளியும் தானமாகத் தரவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் பிரிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன், அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் புரோகிராமைக் கொடுத்தால் திருத்தி விடுகிறேன் என்று, அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரைக் கேட்டார். “தரமுடியாது, யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்” என்றார் அவர். பழுது கண்ணுக்குத் தெரிகிறது, திருத்தக் கையும் இருக்கிறது, ஆனால் தொடக்கூடாதாம்! அந்தக் கோபம் ஸ்டால்மனை விடவில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஒரு முழு மென்பொருள் தொகுப்பையே எழுதப்போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். துணைக்கு ஆட்களை அழைத்தார். எட்டு வருஷம் கழித்து, 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று எழுதுகிறேன், உங்கள் யோசனை என்ன என்று உலகத்தைக் கேட்டார். அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ். தோழரே, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அதுதான். ஆயிரமாயிரம் பேர் கேட்டும் சொல்லியும் சேர்ந்து கட்டிய பொதுச் சொத்து அது.

பொதுச் சொத்து இருந்தால் அதன்மேல் கண் வைக்கிறவனும் இருப்பான் அல்லவா? புறம்போக்கைச் சுற்றி முள்வேலி போடுகிறவனை நாம் ஊர்தோறும் பார்த்திருக்கிறோமே!

2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் மன்றத்தைத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஒருவன் கேட்பான், பலர் பதில் எழுதுவார்கள், சரியான பதிலுக்கு மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள், ஓட்டு வாங்கியவனுக்குப் புள்ளி ஏறும். எழுதியதெல்லாம் பொது உரிமத்தில் இருக்கும். எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம். குப்பையை நீக்குவதும், சண்டையைத் தீர்ப்பதும், விளம்பரப் பேர்வழிகளை விரட்டுவதும் யார் வேலை? பயன்படுத்துகிறவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த காவலர்கள் வேலை. அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பகலில் ஆபீசில் உழைத்துவிட்டு, இரவில் இங்கே உழைத்தார்கள். உலகத்தில் புரோகிராம் எழுதும் ஒவ்வொருவனும் நாளுக்கு நாலு முறை அங்கே போய் நின்றான்.

2021-ல் இந்த மன்றம் விலை போயிற்று! புரோசஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி 180 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. எதை வாங்கியது? கட்டிடத்தையா? மேஜை நாற்காலியையா? லட்சக்கணக்கானவர்கள் ராக்கண் விழித்து எழுதிய பதில்கள் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனிக்கு மதிப்பு ஏது? எழுதியவர்களுக்குப் பங்கு எவ்வளவு கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு தம்படி கிடையாது.

அடுத்த ஆண்டு, 2022 நவம்பரில், சாட்ஜிபிடி என்ற செயற்கை அறிவு இயந்திரம் வந்தது. கேட்டால் கேட்ட மாத்திரத்தில் பதில். பார்க்கச் சரியாக இருக்கும். செய்து பார்த்தால் பலசமயம் தப்பாக இருக்கும். புள்ளி சேர்க்கும் ஆசையில் பலர் அந்த இயந்திரப் பதில்களைக் கொண்டுவந்து மன்றத்தில் கொட்ட ஆரம்பித்தார்கள். டிசம்பரிலேயே அதற்குத் தடை விதிக்கப்பட்டது. காவலர்கள் போலிப் பதில்களைத் தேடித் தேடி நீக்கினார்கள். 2023 மே மாதக் கடைசியில் கம்பெனி அவர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: இயந்திரம் எழுதியதாகத் தெரிகிறது என்ற காரணத்தால் பதில்களை நீக்குவதை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்துங்கள்! உழைக்கிறவர்களைக் கலந்துகொள்ளவில்லை. அனுபவம் உள்ளவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிர்வாகம் என்றால் எந்த நாட்டிலும் நிர்வாகம்தானே!

அப்போது நடந்ததைத்தான் நெய்வேலித் தோழர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூன் 5-ம் தேதி அந்தக் காவலர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆமாம், சம்பளமே வாங்காதவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள்! ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். சம்பளம் இல்லாதவன் எதை நிறுத்துவான் என்று கேட்பீர்கள். உழைப்பை நிறுத்தினான். குப்பையை நீக்கவில்லை, புகார்களைக் கவனிக்கவில்லை, விளம்பரப் பேர்வழிகளைக் கண்டுபிடிக்கத் தாங்களே எழுதி ஓட்டிவந்த கருவிகளையும் அணைத்துவிட்டார்கள். மன்றத்தின் பதில்களையெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வெளியிடும் வழக்கத்தையும் அந்தச் சமயத்தில் கம்பெனி சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தது. அதையும் மீண்டும் தொடங்கு என்று கோரிக்கையில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் நடந்தது. ஆகஸ்டில் ஒப்பந்தம் ஏற்பட்டது. இயந்திரப் பதிலை எந்த அடையாளங்களைக் கொண்டு நீக்கலாம் என்பது பேசி முடிவு செய்யப்பட்டது. மொத்த வெளியீடும் திரும்பவந்தது.

சம்பளப் பட்டியலும் சங்கப் பதிவும் இல்லாதவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள், இதைச் சாதித்தார்கள். 2013 ஜூலையில் நெய்வேலியில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மத்திய சர்க்கார் பங்குகளை விற்கப் புறப்பட்டபோது சங்கபேதம் பாராமல் தொழிலாளிகள் நின்றார்கள், 3.56 சதவீதப் பங்குகள் தனியாரிடம் போகாமல் தமிழ்நாடு சர்க்காரின் ஐந்து நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. அது நிலக்கரி, இது அறிவு. தோண்டியவனைக் கேட்காமல் விற்கக்கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஸ்டிரைக் ஜெயித்ததால் எல்லாம் சுபம் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். 2023 அக்டோபரில் அதே கம்பெனி தன் ஊழியர்களில் 28 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2024 மே மாதம், சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன் ஏஐ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, மன்றத்தின் பதில்களை அந்த இயந்திரத்துக்குத் தீனியாகக் கொடுத்தது. ஆத்திரப்பட்ட சிலர் தாங்கள் எழுதிய பதில்களைத் தாங்களே அழித்தார்கள். கம்பெனி அவற்றைப் பழையபடி ஆக்கிவிட்டு, அழித்தவர்களை உள்ளே வரவிடாமல் தடுத்துவைத்தது. சட்டம் பேசுகிறவர்கள், “பொது உரிமத்தில் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது” என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே உரிமத்தில், எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறதே! இயந்திரம் பதில் சொல்லும்போது யார் பெயரைச் சொல்கிறது? இதற்கு மட்டும் அவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் பக்கம் கிடைக்கவில்லை போலும்.

இனி நம் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம். அவன் இன்று மன்றத்தைக் கேட்பதில்லை, இயந்திரத்தையே கேட்கிறான். அங்கே கேள்விகள் வந்து விழுவது மளமளவென்று குறைந்துவிட்டது. இயந்திரத்தை உடைக்கச் சொல்லும் கூட்டமல்ல நாம், உபயோகிக்கட்டும். கூச்சப்படாமல் நள்ளிரவிலும் கேட்கலாம், கேலி செய்யாது. மன்றத்தில் கேலி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். “இது முன்பே கேட்ட கேள்வி” என்று புதியவனை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிய மேதாவிகள் அங்கே ஏராளம். புதியவர்களும் பெண்களும் அங்கே வரத் தயங்குகிறார்கள் என்று 2018-ல் கம்பெனியே எழுத்தில் ஒப்புக்கொண்டது. சீனியர் என்ற மிதப்பில் ஹெல்பரை விரட்டுகிறவன் எந்தத் தொழிலில்தான் இல்லை!

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மன்றத்தில் ஒருவன் கேட்ட கேள்வியும் பதிலும் அங்கேயே நிற்கும். அடுத்த வருஷம் வடலூரில் ஒரு பெண்ணுக்கு அதே கோளாறு வந்தால் அவள் தேடி எடுத்துக்கொள்வாள். பதில் தப்பு என்றால் கீழே பத்துப் பேர் தப்பு என்று எழுதியிருப்பார்கள். இயந்திரத்தோடு தனியே பேசிய பேச்சோ, பேசியவனுக்கும் அந்தக் கம்பெனிக்கும் மட்டுமே தெரியும். ஊர்க் கிணற்றில் இறைத்தவன் நாலு குடம் அதிகம் இறைத்து வைத்தால் பின்னால் வருகிறவளுக்கு ஆகும். தண்ணீர் லாரியிடம் வாங்குகிறவன் தன் குடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு போவான். எல்லோரும் லாரிக்குப் போய்விட்டால் கிணறு தூர்ந்துபோகும். அப்புறம் லாரிக்காரன் சொன்னதே விலை! அந்த இயந்திரம் இன்று சொல்லும் பதில்கூட, நேற்று மனிதர்கள் பொது இடத்தில் எழுதியதைத் தின்று சொல்வதுதானே?

கிணற்றுக்குப் போவதிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தடை இருக்கிறது. மொழி! ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலத்தில் தொடங்கியது. பிறகு போர்ச்சுகீசு, ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பான் மொழிகளில் தனித்தனி மன்றங்கள் திறந்தார்கள். தமிழில் இல்லை. சென்னையிலும் கோவையிலும் இத்தனை பேர் புரோகிராம் எழுதியும் இல்லை. தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்துவிட்டு வரும் பிள்ளைக்குப் புரோகிராம் புரிகிறது. கேள்வியை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதக் கை நடுங்குகிறது. “என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ” என்ற அச்சத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறது. நஷ்டம் யாருக்கு?

இந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்; அவர்கள் பெயர் நம் தோழர்களுக்குத் தெரியாததுதான் பரிதாபம். 2012 ஜனவரியில் ‘கணியம்’ என்ற மின்னிதழ் பிறந்தது. கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழிலேயே எழுதினார்கள், இலவசமாகவே கொடுத்தார்கள். அதன் ஆசிரியர் த. சீனிவாசன். ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் து. நித்யா எழுதிய மைஎஸ்க்யூஎல் புத்தகத்தை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியில் தொடங்கியது, ஐ.ஐ.டி. வகுப்பறையில் மாதாமாதம் கூடி, மாணவனும் அனுபவஸ்தனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். அதெல்லாம் பட்டணம் என்கிறீர்களா? நெய்வேலியிலிருந்து பண்ருட்டி வழியாகப் பஸ் ஏறினால் எட்டிவிடும் விழுப்புரத்தில், குனு லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் கூடி, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழிலே, காசு வாங்காமல், பத்தாண்டுக்கு மேலாகச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். விழுப்புரத்தால் முடிவது நெய்வேலியால் முடியாதா?

வேலை கிடைத்த பிறகு வரும் தொல்லையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். “வேலை வாங்கித் தருகிறோம், முதலில் டிபாசிட் கட்டு” என்கிறவனிடம் பி.எஃப். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்; வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான், பணம் கேட்கமாட்டான். கம்பெனியில் சேர்ந்தவர்களோ, தங்களுக்குச் சங்கம் கிடையாது, தாங்கள் தொழிலாளியே அல்ல என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள். குளிர்பதன அறையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் செய்த வேலை அது! 2015 ஜனவரியில் டி.சி.எஸ். கம்பெனி நீக்கிய பெண் ஊழியர் ஒருவர், நானும் சட்டப்படி தொழிலாளிதான் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதாடி, நீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, அங்கே சங்கம் வைக்கத் தடையும் இல்லை என்பதைத் தமிழ்நாடு சர்க்கார் 2016-ல் எழுத்து மூலம் தெளிவாக்கியது; புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணி வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பதில் வந்தது. அதே டி.சி.எஸ். 2025 ஜூலையில், உலகெங்கும் உள்ள தன் ஊழியர்களில் இரண்டு சதவீதத்தை, அதாவது பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. தனித்தனியே கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லும்போது, புரோகிராமில் கோளாறு வந்தால் உலகத்தையே கேட்கத் தெரிந்த பிள்ளை, வேலைக்குக் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விடுகிறது. அப்பன் முப்பது வருஷம் சங்கத்துக்குச் சந்தா கட்டியவன். மகனுக்கு அந்தச் சொல்லே அந்நியம்! இந்த வெட்கத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது தோழர்களே.

ஆகவே நாம் கேட்பது இது. ஒரு காலத்தில் பத்திரிகை வாங்கக் காசில்லாதவனுக்காகத் தெருவுக்குத் தெரு படிப்பகம் திறந்தது நம் இயக்கம். ஒருவர் உரக்க வாசிக்க, ஐம்பது பேர் கேட்டு அரசியல் கற்றார்கள். அந்தப் படிப்பகங்களில் இன்னும் திறந்திருக்கும் ஒன்றிலோ, சங்க அலுவலகத்தின் ஓர் அறையிலோ, பழைய கம்ப்யூட்டர் இரண்டைக் கொண்டுவந்து வையுங்கள். லினக்ஸ் போட்டால் லைசென்சுக்குக் காசு வேண்டாம்; ஆபீஸ்களில் தள்ளிவிட்ட பெட்டியே போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணி நேரம். வேலையில் இருந்துகொண்டு லீவுக்கு ஊர் வரும் பிள்ளைகள் மாதம் ஒருநாள் வந்து உட்காரட்டும். வருகிற கேள்வியையும் கிடைத்த பதிலையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்து, பிறகு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றட்டும். பெண்பிள்ளைகள் வரும் நேரத்தில் அறைக்குள் சீட்டாட்டம் வேண்டாம்; இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருப்பதற்காக வருந்துகிறோம். முதல் மாதம் வழிகாட்ட விழுப்புரத்துத் தோழர்களை அழைக்கலாம். பஸ் செலவைச் சங்கம் ஏற்கட்டும். காலை ஷிப்டு முடிந்து வரும் தோழர் ஒருவர் அறைச் சாவியை வைத்துக்கொண்டால் போதும். எந்த வட்டத்தில், எந்தக் கிழமை தொடங்குகிறீர்கள் என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். விலாசத்தை இந்தப் பத்தியிலேயே வெளியிடுகிறோம்.